தபாலைக் கொன்றது யார்?

குக்கருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு விடைக்கும். அடுத்து காது சிவக்கும். அதற்குப் பிறகு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் பள்ளியில் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூக்குக்கும் காதுக்கும் நேரம் கிடைக்கவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது.

"அம்மா!"

முன்னறையில் அம்மாவின் சலூன். நடுவில் வீடு. பின்னால் முற்றம். அம்மா கையில் கத்தரிக்கோலோடு முற்றத்துக்கு ஓடி வந்தாள். அவள் பின்னால் தம்பி நண்டு ஓடி வந்தான். அவன் பின்னால் ஒரு பெரியவர் வந்தார். அவர் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தலையில் ஒரு பக்கம்தான் முடி வெட்டியிருந்தது.

முற்றத்தில் துவைக்கும் கல்லைச் சுற்றி வட்டமாக இறகுகள் கிடந்தன. சாம்பல் நிற இறகுகள். நடுவில் இரண்டு சிறகுகள். இரண்டையும் ஓர் எலும்பு சேர்த்துப் பிடித்திருந்தது.

அவ்வளவுதான். தபாலில் மிச்சம் அவ்வளவுதான்.

தபால் ஒரு புறா. சிறகு ஒடிந்து இந்த முற்றத்தில் வந்து விழுந்தது. குக்கர் கட்டுப் போட்டாள். சிறகு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. அதன் பிறகு அது பறக்கவில்லை. நடந்தே போகும், நடந்தே வரும். எதையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காத புறா என்பதால் அம்மா அதைத் 'தபால்' என்று கூப்பிட்டாள்.

தினமும் காலையில் குக்கர் கூண்டைத் திறந்துவிடுவாள். பிறகு சலூனைப் பெருக்கப் போவாள். இன்றும் அப்படித்தான் போனாள். பெருக்கிவிட்டு வந்து பார்த்தால் இது.

"ஐயோ" என்றாள் அம்மா.

"பாவம்" என்றார் பெரியவர்.

குக்கர் எதையும் கேட்கவில்லை. அவள் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதில் மேல் மேனேஜர் உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் பக்கத்துக் கடை பூட்டுக்காரரின் பூனை. நாள் முழுக்க மேசைமேல் உட்கார்ந்து எல்லாரையும் முறைக்கும், ஒரு வேலையும் செய்யாது. அதனால் அந்தப் பெயர். இப்போது அது தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. நிதானமாக, விரல் விரலாக.

அதன் மீசையில் ஒரு சின்னச் சாம்பல் இறகு ஒட்டியிருந்தது.

இப்போது மூக்கு விடைத்தது. காது சிவந்தது.

"நீயா!"

"குக்கர், இரு. நீ பார்த்தியா?" என்றாள் அம்மா.

"மீசையில இறகு இருக்கும்மா! இன்னும் என்னத்தைப் பார்க்கணும்?"

அம்மா அவள் சட்டையைப் பிடிக்கப் பார்த்தாள். கையில் கத்தரிக்கோல் இருந்ததால் பிடிக்க முடியவில்லை. குக்கர் அதற்குள் தெருவுக்குப் போய்விட்டாள்.

பூட்டுக்காரரின் கடை முன்னால் ஒரு லாரி நின்றது. லாரிக் கதவின் பூட்டைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்திருந்தார் பூட்டுக்காரர். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி. பக்கத்தில் லாரி டிரைவர், ஸ்டூலில்.

"பூட்டு மாமா! உங்க மேனேஜர் என் தபாலைக் கொன்னுடுச்சு!"

எதிர்ப்பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். மாடியில் துணி காயப்போட்டவர் எட்டிப் பார்த்தார். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"கொன்னு தின்னுடுச்சு! இறகை மட்டும் மிச்சம் வச்சிருக்கு! கொலைகாரப் பூனை!"

பூட்டுக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். அதே நேரத்தில் மேனேஜர் உள்ளே வந்து மேசைமேல் ஏறி, பூட்டின் பாகங்களுக்கு நடுவே, தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது. மீசையில் இறகு இன்னும் இருந்தது.

பூட்டுக்காரர் அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் அன்னிக்கு என்ன சொன்னேன்?" என்று கேட்டார்.

குக்கருக்கு ஞாபகம் இருந்தது. தபால் வந்த புதிதில் இதே கடை வாசலில் வைத்துச் சொன்னார். நாலு பேர் கேட்கச் சொன்னார். 'என் பூனை உன் புறா மேல ஒரு நகம் வச்சாலும், அன்னிக்கே அதை வெளியே அனுப்பிடுவேன்.'

"ஞாபகம் இருக்கு" என்றாள்.

"சொன்னா சொன்னதுதான்."

அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "உங்க மில்லுல எலி ஜாஸ்தின்னு சொல்லிட்டே இருப்பீங்களே. பூனை வேணுமா?"

"நிஜமாவா?" டிரைவர் எழுந்தே விட்டார். "எத்தனை நாளா கேட்கிறேன்! கொடுங்க, கொடுங்க."

"பூட்டை மாட்டி முடிச்சதும் எடுத்துட்டுப் போங்க."

பூட்டுக்காரர் மூலையிலிருந்து ஒரு கூடையை எடுத்துக் கீழே வைத்தார். மேனேஜரைப் பிடிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. புதிதாக ஒரு படுக்கை வந்திருக்கிறது என்று நினைத்து, அதுவே குதித்து உள்ளே போனது. இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது. கொட்டாவி விட்டது.

அவர் மூடியைப் போட்டுக் கயிற்றால் கட்டினார். எத்தனையோ சின்னச் சின்னப் பூட்டுகளைச் சரி செய்த விரல்கள். அந்த ஒரு முடிச்சைப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டன.

பிறகு பூதக்கண்ணாடியை மறுபடி கண்ணில் மாட்டிக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. குக்கர் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. கொஞ்சம் கூடியது போலக்கூட இருந்தது.

அம்மா முற்றத்தில் துடைப்பத்தோடு நின்றாள்.

"நான் பெருக்கட்டுமா?"

"வேணாம். நான்தான் பெருக்குவேன்."

"எத்தனாவது விசில் இது?"

"சிரிக்காதம்மா!"

"சிரிக்கலை" என்றாள் அம்மா. உண்மையிலேயே சிரிக்கவில்லை. துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு, பெரியவரின் மீதித் தலைக்குத் திரும்பிப் போனாள்.

குக்கர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். தபாலைத் துடைப்பத்தால் தள்ள மனம் வரவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வோர் இறகாகக் கையால் பொறுக்கி, ஒரு பழைய அட்டைப் பெட்டியில் போட்டாள். நண்டும் உட்கார்ந்து பொறுக்கினான்.

"மேனேஜரை எங்கே அனுப்புறாங்க?"

"மில்லுக்கு."

"அங்கேயும் மேனேஜரா?"

"பேசாம பொறுக்குடா."

நண்டால் அதிக நேரம் பேசாமல் பொறுக்க முடியாது. ஓர் இறகை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"வெட்டினதா? பிடுங்கினதா?"

அது அவர்களுடைய விளையாட்டு. சலூனைப் பெருக்கும்போது விளையாடுவார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர் ஒரு முடியைக் கையில் வைப்பார். முனையை விரலால் தடவியே சொல்ல வேண்டும். கத்தரியால் வெட்டிய முடியின் முனை மொட்டையாக இருக்கும், குத்தும். சீப்போடு பிடுங்கிக்கொண்டு வந்த முடியின் அடியில் குட்டியாக ஒரு வேர் இருக்கும், வழுக்கும். இந்த விளையாட்டில் குக்கர் தோற்றதே இல்லை.

பழக்கத்தில் கையை நீட்டினாள். பழக்கத்தில் தடவினாள். பழக்கத்தில் வாயும் சொல்லிவிட்டது.

"பிடுங்கினது."

சொன்ன பிறகுதான் கை நின்றது.

இறகின் தண்டைப் பார்த்தாள். அடி முனை முழுசாக இருந்தது. கூராக, சுத்தமாக, உடையாமல். சதையிலிருந்து யாரோ இழுத்து எடுத்தது போல.

பெட்டியிலிருந்து இன்னோர் இறகை எடுத்தாள். அதுவும் முழுசு. இன்னொன்று. அதுவும். கைநிறைய அள்ளிப் பார்த்தாள். ஒன்றுகூடக் கடிபட்டு உடைந்திருக்கவில்லை. ஒன்றுகூட எச்சில் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எல்லாம் காய்ந்து, தனித்தனியாக, இப்போதுதான் வாரிவிட்டது போல இருந்தன.

மேனேஜர் இறகைப் பிடுங்கி எடுத்துப் போடுமா?

பூட்டுக்காரரின் கடையில் ஆணியில் ஓர் இறகுத் துடைப்பான் தொங்கும். தூசி தட்ட வாங்கியது. மேனேஜர் அதை மென்றே பாழாக்கிவிட்டது. அதன் இறகுகள் எப்படி இருக்கும் என்று குக்கருக்கு நன்றாகத் தெரியும்.

அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். நினைப்பு கேட்கவில்லை.

"அக்கா, இங்கே யாரோ சுண்ணாம்பு ஊத்தியிருக்காங்க" என்றான் நண்டு.

துவைக்கும் கல்லின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. நீளமாக, பீய்ச்சி அடித்தது போல. தபாலின் எச்சம் இப்படி இருக்காது. அது சின்ன உருண்டையாகப் போடும். தினமும் கழுவுகிறவள் அவள்தான்.

இந்த வெள்ளைக் கோட்டை அவள் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறாள். பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில். ஒரு நாள் காலை எல்லாரும் மைதானத்தில் வரிசையாக நிற்கும்போது வானத்திலிருந்து இறகு இறகாக விழுந்தது. ஒன்று தலைமை ஆசிரியையின் கொண்டையில் போய் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள், ஒழுங்காக நிற்கச் சொல்லித் திட்டு வாங்கினார்கள். அண்ணாந்து பார்த்தால், தொட்டியின் விளிம்பில் ஒரு வல்லூறு. காலடியில் ஒரு சின்னப் பறவை. வல்லூறு அவசரமே இல்லாமல் ஒவ்வோர் இறகாகப் பிடுங்கிப் பிடுங்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தொட்டியின் சுவரில் இதே போல நீளமாக வெள்ளைக் கோடுகள்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து. சுற்றிலும் வட்டமாக.

குக்கர் கல்லைப் பார்த்தாள். வட்டத்தைப் பார்த்தாள். அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். வானம் காலியாக இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, முன்பைவிட அதிகமாக.

பூனையாகவே இருந்திருக்கலாம். பூனை என்றால் போய்க் கத்த ஒரு கடை இருக்கிறது. கத்தினால் கேட்க ஒரு மாமா இருக்கிறார். வல்லூறுக்கு என்ன இருக்கிறது? கடை இல்லை, வாசல் இல்லை, பெயர்கூட இல்லை. இந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவது?

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. நண்டுக்குச் சுண்ணாம்பு மட்டும்தான் தெரியும்.

அப்போது தெருவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டக்.

லாரியின் கதவு. திறந்து, மறுபடி மூடினார்கள். டக். பூட்டு சரியாகிவிட்டது.

குக்கர் இறகுகளை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

டிரைவர் தன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். கூடை பக்கத்து இருக்கையில் இருந்தது. பூட்டுக்காரர் கீழே நின்று, கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நிறுத்துங்க! மேனேஜர் இல்லை!"

"இல்லைன்னா?"

"மேனேஜர் கொல்லலை. வல்லூறு."

பூட்டுக்காரரின் முகம் கறுத்தது. குக்கர் அவர் கோபப்பட்டு அதுவரை பார்த்ததில்லை.

"காலையில பூனை. இப்ப வல்லூறு. சாயங்காலம் என்ன, யானையா?"

"இல்லை மாமா, நிஜமா..."

"என்ன விளையாட்டு இது? தெருவே கேட்கிற மாதிரி நீதானே கத்தினே? எல்லார் முன்னாடியும் என் பூனையைக் கொலைகாரன்னு சொன்னே. மனசைக் கல்லாக்கிட்டு கூடையில கட்டிட்டேன். இப்ப வந்து இல்லைங்கிறே. கிளம்புங்க டிரைவர்."

"கிளம்பாதீங்க டிரைவர்!"

டிரைவர் சாவியைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் பேச்சைக் கேட்டாத்தான் நான் வண்டியை எடுக்க முடியும்."

குக்கருக்கும் காது சிவந்தது. "நான் காட்டுறேன்! பார்த்துட்டு அப்புறம் கத்துங்க!"

அவள் கடைக்குள் போய் ஆணியிலிருந்து துடைப்பானை எடுத்து வந்தாள். மேசைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் தபாலின் இறகுகளை வைத்தாள்.

"இது மேனேஜர் கடிச்சது. உங்களுக்கே தெரியும். இது முற்றத்துல கிடந்தது. உங்க கண்ணாடியைப் போட்டுப் பாருங்க."

பூட்டுக்காரர் அசையவில்லை.

"பாருங்க மாமா. சாவியோட பல்லைப் பார்க்கிற மாதிரி பாருங்க."

சாவி என்றதும் அவர் கை தானாகவே பூதக்கண்ணாடிக்குப் போனது. கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார். முதலில் துடைப்பான். மென்று துப்பியது போல முனைகள் நசுங்கியிருந்தன. தண்டுகள் பாதியில் அறுந்திருந்தன. எச்சிலில் ஒட்டி, காய்ந்து, கட்டியாகக் கிடந்தன.

அடுத்து தபாலின் இறகுகள். ஒன்று. இன்னொன்று. மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடம் இருக்கு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கிடுக்கியால பிடிச்சு இழுத்த மாதிரி."

"அலகு" என்றாள் குக்கர். "பிடிச்சு, இழுத்து, போட்டிருக்கு. எல்லாம் அப்படித்தான். கல்லு மேல அதோட எச்சமும் இருக்கு. வந்து பாருங்க."

பூட்டுக்காரர் நிமிர்ந்தார். பூதக்கண்ணாடி வழியாக ஒரு கண் பெரிதாகத் தெரிந்தது.

"அப்ப மீசையில இருந்த இறகு?"

குக்கர் அதை யோசித்திருக்கவில்லை.

அவள் பின்னால் நண்டு மூச்சு வாங்க வந்து நின்றான். அவன் தலையில் ஒரு சாம்பல் இறகு இருந்தது. சட்டையில் இரண்டு. மூக்குக்குக் கீழே, சளியில், ஒன்று.

குக்கர் அவனைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இவனைப் பாருங்க. இவன் வாய்கிட்டேயும் இறகு இருக்கு. அப்ப இவன்தான் கொன்னானா?"

"நான் இல்லை!" என்று நண்டு அலறினான். "என்னைக் கூடையில போடாதீங்க!"

டிரைவர்தான் முதலில் சிரித்தார். பூட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் மீசை அசைந்தது.

"அது முடிஞ்ச பிறகு போயி மோந்து பார்த்திருக்கு மாமா. எங்களை மாதிரியே" என்றாள் குக்கர் மெதுவாக. "மேனேஜர் மேல தப்பு இல்லை. நான்தான் பார்க்காம சொல்லிட்டேன்."

"என்னது? கேட்கலை" என்றார் பூட்டுக்காரர்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"எனக்குக் கேட்டுடுச்சு. காலையில தெருவுக்கே கேட்டுச்சே? இப்ப மட்டும் காதுக்குள்ள சொல்றியே?"

குக்கர் தெருவைப் பார்த்தாள். காய்கறிக் கடையில் இப்போது வேறு ஆட்கள். மாடியில் அதே ஆள். சலூன் வாசலில் அம்மா, கத்தரிக்கோலோடு. பக்கத்தில் பெரியவர், இன்னும் பாதித் தலையோடு.

மூக்கு விடைத்தது. காது சிவந்தது. இந்த முறை வேறு காரணத்துக்காக.

அவள் லாரியின் படியில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! மேனேஜர் கொலைகாரன் இல்லை! தபாலைக் கொன்னது வல்லூறு! நான் பார்க்காம சொன்னேன்! மேனேஜர் நல்ல பூனை!" கொஞ்சம் யோசித்தாள். "நல்ல பூனைன்னு சொல்ல முடியாது! ஆனா இதை அது செய்யலை!"

மாடியில் இருந்தவர் கையை ஆட்டினார்.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சும்மா" என்றார் பெரியவர். "இப்ப யாராவது என் தலையை முடிச்சு விடுங்க."

பூட்டுக்காரர் லாரியில் ஏறி முடிச்சை அவிழ்த்தார். போட எடுத்த நேரம் அவிழ்க்க எடுக்கவில்லை. மூடியைத் திறந்தார்.

மேனேஜர் தூங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் ஒரு கண்ணைத் திறந்து, எல்லாரையும் முறைத்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

"அப்ப எங்க மில்லு எலிங்க?" என்றார் டிரைவர் வருத்தமாக.

"நல்லதா ஒரு எலிப்பொறி செஞ்சு தரேன்" என்றார் பூட்டுக்காரர், கூடையோடு இறங்கியபடி. "இவன் அங்கே வந்தாலும் எலிங்களை முறைச்சுட்டுத்தான் இருப்பான்."

குக்கரைத் தாண்டும்போது நின்றார். அவள் கையில் இருந்த இறகுகளைப் பார்த்தார்.

"நடந்தே என் கடை வரைக்கும் வரும்" என்றார். "மேசைக்குக் கீழே நின்னு வேலையைப் பார்த்துட்டே இருக்கும். திருகாணியைத் தானியம்னு நினைச்சுக் கொத்தும்."

"எனக்குத் தெரியாது மாமா."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பள்ளிக்கூடம் போயிடுவே."

அவர் உள்ளே போய்விட்டார்.

மதியம் குக்கர் முற்றத்தின் மூலையில் குழி தோண்டினாள். பெட்டியை வைத்து மண்ணைத் தள்ளினாள். தள்ளி முடித்து நிமிர்ந்தபோது, விளக்குக் கம்பத்தின் உச்சியில் அது உட்கார்ந்திருந்தது.

வல்லூறு. மஞ்சள் கண்கள். கீழே, துவைக்கும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சத்தைத் தேடி வந்திருக்கிறது.

குக்கர் மண்கட்டி ஒன்றை எடுத்து எறிந்தாள். அது கம்பத்தின் பாதி உயரம்கூடப் போகவில்லை. கீழே விழுந்து உடைந்தது.

ஆகவே கத்தினாள்.

"திருடா! அது என் தபால்! அதுக்குப் பறக்கவே தெரியாது! பறக்கிறதைப் பிடிச்சிருக்கலாம்ல!"

வல்லூறு தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. அலகைக் கம்பத்தில் இரண்டு பக்கமும் துடைத்தது. பிறகு எழும்பி, சிறகைக்கூட அதிகம் அசைக்காமல், கூரைகளுக்கு அப்பால் போய்விட்டது.

குக்கர் இன்னும் கொஞ்சம் கத்தினாள். தொண்டை கட்டும் வரை. அப்போதுதான் அழுகை வந்தது. துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதாள்.

மதில் மேல் ஏதோ குதிக்கும் சத்தம். பிறகு மதிலிலிருந்து கீழே குதிக்கும் சத்தம். மேனேஜர் முற்றத்தைக் கடந்து வந்து, கல்லின்மேல் ஏறி, அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தது. தன் முன்னங்காலை நக்கத் தொடங்கியது. நிதானமாக, விரல் விரலாக.

"எனக்கு உன் மேலே இன்னும் கோபம்தான்" என்றாள் குக்கர், கட்டிய குரலில். "தள்ளி உட்காரு."

மேனேஜர் தள்ளி உட்காரவில்லை.

குக்கரும் தள்ளி உட்காரவில்லை.